எங்கிருந்தாய் என்று கேட்பவர் யார்?

ஊவா மலைகளில் ஒருவர் காணாமற் போய்விட்டார் என்ற சேதி பரவினால், தேடுவோர் கூட்டம் திரளுமுன் தீர்ப்புரைப்போர் கூட்டம் திரண்டுவிடுகின்றது. பதுளை பஸ் நிலையத்துத் தேத்தண்ணீர்க் கடையிலே, பண்டாரவளைச் சந்தையிலே, ஹாலி-எலையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் உள்ள தோட்டங்களின் லயத்து இஸ்தோப்பிலே, எங்கும் அதே பேச்சு. பொலிஸார் ஒருவனை அழைத்து விசாரித்தனர் என்றால் போதும். அன்று அவன் எங்கிருந்தான், எத்தனை மணிக்கு வீடு திரும்பினான், திரும்பியவன் ஏன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான், அவன் தாய் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். அந்திக்குள் கணக்கு முடிந்துவிடும். விடியுமுன் அவனுடைய படம் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி தாவி மொனராகலை வரை போய்ச் சேர்ந்துவிடும்.

"வேறிடத்தில் இருந்தானாம்! பச்சைப் பொய்!" என்று முழங்குவோரில் எத்தனை பேர் அவன் சொன்னதைத் தம் காதாற் கேட்டவர்? எத்தனை பேர் அவன் குறிப்பிட்ட இடத்திற்குப் போய்ப் பார்த்தவர்? ஆயினும் தீர்ப்பு மட்டும் தயார்!

இதனை லயத்து மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முற்படும் கனவான்களுக்கு ஒன்று சொல்லி வைக்கின்றேன். இந்தத் துப்பறியும் விளையாட்டிலே முன்னணியில் நிற்போர் படித்தவர்களே. ஆசிரியரும், எழுதுவினைஞரும், வங்கி உத்தியோகத்தரும், மருந்துக்கடை முதலாளியும், வெட்கத்தோடு கூறுகின்றேன், கறுப்புக் கோட்டு அணிந்த என் தொழிலினர் சிலருமே இதிற் சளைத்தவர் அல்லர். வெலிமடைக் கமக்காரர் ஒருவர் ஊகஞ் சொன்னால் அது அவருடைய உருளைக்கிழங்குப் பாத்தியின் வேலியோடு நின்றுவிடும். பாடசாலை ஆசிரியர் சொன்னாலோ, ‘சேரே சொன்னார்’ என்ற முத்திரையுடன் ஊர் சுற்றி வரும். எம்மைப் போன்ற அரசியல் ஊழியரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ‘இன்னானைக் கைது செய்!’ என்று பதாகை எழுதிக்கொண்டு ஊர்வலத்திற்கு ஆள் சேர்க்கும் ஆசை எம்மவருள்ளும் சிலரை ஆட்டிப் படைக்கின்றது. காணாமற் போனவரைக் கண்டுபிடி என்று கேட்பது அரசியல். இவன்தான் செய்தான் என்று கூவுவது அரசியலன்று, வேட்டை.

சட்டம் என்ன கூறுகின்றது? குற்றம் நடந்த வேளையில் நான் அவ்விடத்தில் இருக்கவில்லை, வேறோரிடத்தில் இருந்தேன் என்று ஒருவன் உரைப்பதை வேற்றிட வாதம் என்கிறோம். தற்காப்புக்காகத் தாக்கினேன் என்பவன், தாக்கியதை ஒப்புக்கொண்டு விலக்குக் கேட்கின்றான்; அதனை மெய்ப்பிக்கும் சுமை அவனுடையது. வேறிடத்தில் இருந்தேன் என்பவனோ எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘நான் அல்லன்’ என்பதையே அவன் வேறு சொற்களிற் கூறுகின்றான். ஆகவே, அவனே செய்தான் என்று நாட்டும் சுமை வழக்குத் தொடுநரின் தோளை விட்டு ஒரு கணமும் இறங்குவதில்லை. 1964 ஆம் ஆண்டின் யஹோனிஸ் சிங்ஹோ வழக்கு முதலான தீர்ப்புகளில் வேரூன்றிய நெறி இது. அவன் கூற்றை நம்பினால் விடுதலை. நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை, நியாயமான ஐயம் எழுகின்றது என்றாலும் விடுதலை. முற்றாகத் தள்ளிவிட்டாற்கூட, தள்ளியதனால் மட்டும் அவன் குற்றவாளி ஆகிவிடான். தன் சொந்தச் சான்றுகளின் பலத்தினாலேயே வழக்குத் தொடுநர் தரப்பு அவனைக் குற்றவாளியாக்க வேண்டும்.

இந்த மூன்றாவது படியைத்தான் தேத்தண்ணீர்க் கடை நீதவான்கள் விழுங்கி ஏப்பம் விடுகின்றனர். ‘தவறணைக்குப் போகவில்லை என்றான், போயிருக்கிறான், ஆகவே கொன்றவன் அவனே’ என்பது அவர்தம் தருக்கம். பொய் சொல்பவனெல்லாம் கொலைகாரன் என்றால் ஊவாவில் வெளியே உலவ எவர் மிஞ்சுவார்? கசிப்புக் காய்ச்சும் ஓடைக்கரையில் இருந்தவன் அதைச் சொல்வானா? பிறன் மனைக்குள் இருந்தவன் சொல்வானா? தோட்டத்து மரத்தைத் தறித்துக்கொண்டிருந்தவன்? சிறு குற்றத்தை மறைக்கப் பொய்யுரைத்துப் பெருங்குற்றத்திற் சிக்கிக்கொண்டவர்களை நீதிமன்றப் படியேறும் எந்தச் சட்டத்தரணியும் அறிவார்.

தமிழனுக்கு இது புதிய பாடமா? கோவலனை எண்ணிப் பாருங்கள். கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். கோவலன் தன் மனைவியின் சிலம்பை விற்க மதுரைக் கடைத்தெருவிற் கால்வைக்குமுன்னரே அந்தக் களவு நடந்து முடிந்திருந்தது. ‘சிலம்பு காணாமற் போன அன்று நீ எங்கிருந்தாய்?’ என்ற ஒரேயொரு கேள்வியைப் பாண்டியன் அவையில் எவரேனும் கேட்டிருந்தால், அவன் இந்த நகரிலேயே இல்லை என்ற விடை கிடைத்திருக்கும். கேட்பாரில்லை. அயலூரான், கையிற் சிலம்பு, கண்டேன் என்று சொல்லப் பொற்கொல்லன், போதாதா? அந்தப் பொற்கொல்லனே கள்வன் என்பதையும் மறந்துவிடாதீர்கள். முதலிற் கூவுபவனை எவரும் சந்தேகிப்பதில்லை. கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகச் சிங்களவரும் தமிழரும் வணங்கும் நாடு இது. வணங்குகின்றோம், அவள் எந்த அநீதிக்காகச் சிலம்பை உடைத்தாளோ அதனையே நாள்தோறும் செய்கின்றோம்.

பழங்கதை வேண்டாம் என்பீராயின் 2015 ஆம் ஆண்டிற்கு வாருங்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கம்பகா மாவட்டத்துக் கொட்டதெனியாவையில் உறங்கிக்கொண்டிருந்த ஐந்து வயது நிரம்பாத குழந்தை ஒன்று இரவோடிரவாகக் காணாமற் போனது. பின்னர் சடலமாகக் கிடைத்தது. நாடு கொதித்தது. கொதித்தது நியாயமே. ஆனால் அந்தக் கொதிப்பு யாரைச் சுட்டது? முதலில் அயலில் இருந்த பதினேழு வயதுப் பாடசாலை மாணவனை. அவன் படம், அவன் பழக்கவழக்கம், அன்றிரவு அவன் எங்கிருந்தான் என்ற ஆராய்ச்சி, எல்லாம் ஊர் வாய்க்கு அவலாயின. காவலில் வைத்துத் துன்புறுத்தினர் என்று அவன் பின்னர் வெளிப்படையாகவே முறையிட்டான். அடுத்து, பட்டப்பெயரால் நாடறிந்துவிட்ட ஒருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற அறிவிப்பும் வெளிவந்தது. தீர்ந்தது வழக்கு என்று மக்கள் பெருமூச்சு விட்டனர். தூக்குக் கயிறு கேட்டனர். மரபணுச் சோதனை என்ன சொன்னது? மாணவனும் அல்லன், ஒப்புக்கொண்டார் எனப்பட்டவரும் அல்லர்! அம்மனிதரின் உடன்பிறந்தவரே குற்றவாளியெனக் கண்ட நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் 2016 மார்ச்சில் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

நடுவிலே அந்த ஒரு சோதனை இல்லாதிருந்தால்? பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்ததாகக் கூறப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்காதே என்று 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவிலே விலக்கியிருப்பது வீண் பிடிவாதமன்று. ஆனால் அந்த விலக்கு நீதிமன்றச் சுவருக்குள்ளேதான். தெருவில் அந்த ஒப்புதலே முடிந்த முடிவு. அந்த மாணவனை விடுவித்த செய்தியை, அவனைக் குற்றவாளியாக்கிய செய்தியைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் பரப்பினர்?

இன்னும் முந்திய ஒரு வழக்கு. மகாதேவன் சதாசிவத்தின் பெயரை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் எடுத்த அந்தத் துடுப்பாட்ட வீரரை, 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி பம்பலப்பிட்டி வீட்டில் அவருடைய மனைவி கொலையுண்ட வழக்கில் எதிரியாக நிறுத்தினர். வழக்கு முழுவதும் ஒரேயொரு மணித்தியாலத்தில் தொங்கிற்று. காலை பத்தரை மணியளவில் அவர் வாடகைக் காரில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அதற்கு முன் மரணம் நிகழ்ந்ததா, பின் நிகழ்ந்ததா? சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம் ஒரு கருத்துரைத்தார். எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி சிமித் வேறு கருத்துரைத்தார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். விளக்கம் 57 நாட்கள் நடந்தது. 1953 ஜூனில் யூரர் சதாசிவம் குற்றவாளியல்லர் என்று தீர்த்தனர். அதற்குள் அவர் ஏறத்தாழ இருபது மாதங்களைச் சிறையிற் கழித்துவிட்டார். உலகறிந்த நிபுணர் இருவர், சடலத்தின் உடற்சூட்டை அளந்த கணக்கை முன்வைத்தும் ஒரு மணித்தியாலத்தைப் பற்றி உடன்பட முடியவில்லை. நம் நண்பர்களோ ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறுமுன் அதனைத் தீர்த்துவிடுகின்றனர்! அவ்வழக்கையே எழுபது ஆண்டுகளாக மறுவிசாரணை செய்துகொண்டிருக்கும் பெரியவர்களை இன்றும் காணலாம். ஓய்வூதியத்தோடு வரும் பொழுதுபோக்கு என்று அதனை மன்னிக்கலாம். காவலில் ஓர் இளைஞன் கிடக்கும்போது நடைபெறும் விசாரணையை மன்னிக்க முடியாது.

அந்த இளைஞன் தோட்டத்தவன் என்றால் அவனுடைய நேரக் கணக்கே வேறு என்பதையாவது இந்த ஊக வித்தகர்கள் அறிவார்களா? கந்தோரில் இருப்பவருக்கு நாள் என்பது கடிகாரம். தோட்டத்தில் நாள் என்பது பிரட்டு, கொழுந்து நிறுவை, மலையிலிருந்து இறங்குதல். ‘மத்தியான நிறுவைக்குப் பிறகு கண்டேன்’ என்று ஒரு பெண் சொல்வாள். ‘மணி எத்தனை?’ என்று கேட்டு வற்புறுத்தினால், கேட்பவரைத் திருப்திப்படுத்த ஏதோவொரு மணியைச் சொல்வாள். அடுத்தவள் வேறொரு மணியைச் சொல்வாள். ‘பார்த்தீர்களா முரண்பாட்டை!’ என்று கூத்தாடுகின்றனர் நம்மவர். அந்த இரு பெண்களும் ஒரே நிறுவையைத்தான் சொல்கின்றனர். மழை நாளில் நிறுவை பிந்தும்; கொழுந்து கூடிய நாளில் மடுவத்திலே வரிசை நீளும்; லொறி வரப் பிந்தினால் எல்லாமே பிந்தும். அன்று மழையா என்று கேட்டவர் எவர்?

செக்றோலில் பெயர் இருக்கின்றதே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று சொல்வோரும் உளர். பெயர் இல்லையே, அகப்பட்டான் என்போரும் உளர். இருவரும் தோட்டத்தை அறியாதவர். பிரட்டிலே பெயர் கொடுத்தவன் மாலைவரை மலையில் நின்றான் என்று அந்த ஏடு சத்தியஞ் செய்வதில்லை. அரைப்பேர் போட்டவர்களை முழுநாளும் வேலைக்கு வராதவர்களாகச் சிலர் வாசிக்கின்றனர். மலையில் நின்று உழைத்தும், பறித்த கொழுந்து போதவில்லை என்று பெயர் வெட்டுண்டோர் கதை எத்தனை! நாட்கூலியைக் குறைப்பதற்காகச் செய்த வெட்டு, பின்னொரு நாள் ‘அன்று இவன் வேலையில் இல்லை’ என்பதற்குச் சான்றாக மாறுமாயின், கூலி போனதோடு நில்லாது கழுத்துக்கும் வந்துவிடுகின்றது. ஏட்டை எழுதியவரைக் கூண்டில் ஏற்றி, எப்படி எழுதினீர், எப்போது எழுதினீர், எவர் சொல்லி எழுதினீர் என்று குறுக்கு விசாரணை செய்த பின்னரே அதற்கு மதிப்புண்டு.

இனித்தான் விடயத்தின் கூர்முனை. குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தில் 2005 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 126அ என்ற பிரிவைப் புகுத்திற்று. மேல் நீதிமன்றத்தில் வேற்றிட வாதத்திற்குச் சான்று கொண்டுவர விரும்பும் எதிரி, அதனைப் பொலிஸ் விசாரணையின்போது தன் வாக்குமூலத்திற் சொல்லியிருக்க வேண்டும். அல்லது நீதவான் முன் நடக்கும் சுருக்கமற்ற விசாரணையிற் சொல்லியிருக்க வேண்டும். அதுவுமில்லையேல் விளக்கம் தொடங்க 14 நாட்களுக்கு முன்னரேனும் சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்திற்குப் போதிய காரணம் காட்டினால் நீதிமன்றம் இடங்கொடுக்கலாம். கடைசி நேரத்தில் வாங்கிய சாட்சிகளை ஒழிக்க வந்த விதி என்பர்; நோக்கத்தில் எனக்குப் பகையில்லை. ஆனால் பதுளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளிக்கு அது எப்படி வந்து சேர்கின்றது?

அவன் தமிழிற் சொல்கின்றான். எழுதுபவர் சிங்களத்தில் எழுதுகின்றார். ‘மாமா வீட்டுக் காம்பராவில் இருந்தேன், அத்தையும் இருந்தாள்’ என்று அவன் சொன்னது ஏட்டில் ஏறிற்றா இல்லையா என்று அவனுக்கு எவ்வாறு தெரியும்? கையொப்பமிடு என்றால் இடுகின்றான். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அம்மொழி விளங்காதவனாயின் விளங்கும் மொழியிற் பெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவோ சேர்க்கவோ அவனுக்கு உரிமையுண்டு என்று அதே சட்டத்தின் 110 ஆம் பிரிவு கட்டளையிடுகின்றது. தமிழை அரசகரும மொழியாக்கி அரசியலமைப்பைத் திருத்தியது 1987 இல். பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் பல இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டது 1999 இல். காகிதத்தில் எல்லாம் உண்டு. எழுதும் மேசையில் தமிழ் அறிந்தவர் இல்லை! மூன்று ஆண்டு கழித்து மேல் நீதிமன்றத்தில் அவன் மாமன் வீட்டைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போது, ‘முதல் வாக்குமூலத்தில் இது இல்லையே’ என்று அரச சட்டத்தரணி எழுந்து நிற்பார்.

அத்தையாவது வந்து சொல்வாளா? வரமாட்டாள். ஏனெனில் அதற்குள் ஊரே அவனைக் குற்றவாளியாக்கிவிட்டது. ‘கொலைகாரனுக்குச் சாட்சியா?’ என்று தண்ணீர்ப் பீலியடியில் அவளை நிறுத்திக் கேட்டிருப்பார்கள். அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கியிருக்கும். உண்மையிலேயே அவனைக் கண்ட ஒரேயொரு சாட்சியை வாயடைக்கச் செய்தது வழக்குத் தொடுநர் தரப்பன்று, இஸ்தோப்புப் பேச்சு. படத்தை ஊரெல்லாம் அனுப்பியதன் பலன் இன்னொன்று: அடையாள அணிவகுப்புப் பாழாகின்றது. உண்மைக் குற்றவாளியாகவே அவன் இருந்தாலும், ‘படத்திற் பார்த்துவிட்டுத்தானே காட்டினீர்?’ என்ற ஒரு கேள்வியால் சாட்சியை உடைத்துவிட என் போன்றவனால் இயலும். நிரபராதியை அமிழ்த்துவதும் குற்றவாளியை மிதக்கவிடுவதும் இந்த வாய்கள்தாம். இடையே, காணாமற் போனவரைத் தேடும் வேலை? ஒருவன்மேற் கண் குத்தியதும் மற்றைப் பாதைகள் எல்லாம் மறந்துபோகின்றன. கடைத்தெருக் கமராவின் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், கேட்க எவருமில்லை.

‘மக்கள் பேசக்கூடாதா? வாயைக் கட்டப் பார்க்கிறீரா?’ என்று கேட்பீர்கள். கட்டுவதற்கு அரசாங்கம் ஆயத்தமாகவே இருக்கின்றது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை அதற்காகவே வார்த்தெடுத்தார்கள். அந்தப் பூட்டை நான் விரும்பவில்லை. பேசுங்கள்! ஆனால் கேள்வியை உரிய இடத்திற் கேளுங்கள். ‘எங்கிருந்தாய்?’ என்ற கேள்வியை லயத்துப் பையனிடம் கேட்கும் வீரம் அதிகாரத்தின் முன் எங்கே போகின்றது?

2000 ஒக்டோபர் 25 ஆம் திகதியை ஊவா மறக்கலாமா? பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைப் பட்டப்பகலில் ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. ஆயுதந் தாங்கிய பொலிஸார் அங்கேயே நின்றனர். அங்கே வேற்றிட வாதத்திற்கு இடமேயில்லை. இருந்தவர் எல்லோரும் அங்கேயே இருந்தனர்! 2003 இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு, இறுதியில் தண்டனை அனுபவிக்க ஒருவருமில்லை என்றாயிற்று. அதுபற்றித் தேத்தண்ணீர்க் கடைகள் எத்தனை நாள் பேசின? அந்தக் கும்பலைத் திரட்டியதும் வதந்திதான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமற் போனார். சட்டமா அதிபராக இருந்த மொஹான் பீரிஸ் 2011 நவம்பரில் ஜெனீவாவிலே, ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கெதிரான குழுவின் முன், எக்னெலிகொட வெளிநாடொன்றில் தஞ்சமடைந்திருப்பதாகத் தகவல் உண்டு என்றார். மறு ஆண்டு நீதிமன்றத்தில் அதுபற்றி வினவியபோது அதனை நாட்ட அவரிடம் ஒன்றுமிருக்கவில்லை. காணாமற் போனவருக்கே ஒரு வேற்றிட வாதத்தைப் புனைந்து கொடுத்த விந்தை அது! ‘வெளிநாட்டில் இருப்பார்கள்’ என்ற அதே சொல்லைத்தான் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரும் கேட்டுச் சலித்தனர். ஊகத்தால் ஒரு தாய் எப்படி அவமதிக்கப்படுகின்றாள் என்பதை அறிந்த இனம் நாம். இன்னொரு தாயின் பிள்ளைமீது அதே ஊகத்தை எறிய நமக்குக் கை எப்படி எழுகின்றது?

இனிச் செய்ய வேண்டியவை. பதுளை, பண்டாரவளை, வெலிமடை நீதிமன்றங்களில் தொழில் புரியும் தமிழறிந்த சட்டத்தரணிகள், முறைவைத்துப் பொலிஸ் நிலையம் செல்ல முன்வருதல் வேண்டும். சட்டத்தரணி அங்கு தோற்றுவதற்கு 2012 ஆம் ஆண்டின் விதிகள் இடந்தருகின்றன. கட்டணத்திற்கு வழியில்லாதோரைச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்து ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, ஊகம் எழுதும் கையால் வேறொன்று எழுதுங்கள்: அன்று அவனைக் கண்டவர் யார், எங்கே, எந்த நிறுவைக்கு முன், எந்த நிறுவைக்குப் பின், மழையா வெயிலா என்று அவரவர் வாய்ச்சொல்லாகவே அன்றைக்கே எழுதி, திகதியிட்டு, சட்டத்தரணியிடம் மட்டும் கொடுங்கள். கண்டது அவனுக்குப் பாதகமாயினும் எழுதுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுமாறும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறும் கேளுங்கள். வாசித்துக் காட்டாத தாளிற் கையொப்பமிட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள், ஒருவர் காணாமற் போன அன்றைக்கே, அந்நாளைய செக்றோல் பக்கத்தையும் நிறுவைப் பதிவையும் பிரதியெடுத்துப் பாதுகாக்குமாறு தோட்ட நிர்வாகத்திடம் எழுத்திற் கேட்பார்களாக. மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.